விடியற்காலைக் கனவும் பலன் சொல்வோரும்

அண்மையில் சேத்தியாத்தோப்பில் நடந்த இலக்கியக் கூட்டமொன்றில் ‘கனவும் படைப்பும்’ என்பது பொருள். பேசிய அன்பர் நன்றாகவே பேசினார். கொடுங்கனவு கலைஞனுக்கு வாய்த்த வரம் என்றார்; உறக்கமின்மையே உயர்ந்த இலக்கியத்தின் விளைநிலம் என்றார். கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். “ஐயா, வெடியகாலத்துல வர்ற கெட்ட கனவு பலிக்காம இருக்க எதுனா செய்ய முடியுங்களா?” என்று கேட்டார். அவை சிரித்தது. நாமும் சிரித்தோம். பேச்சாளர் கண்ணகி கண்ட கனவை எடுத்துரைத்து, விதியை வெல்வார் யார் என்று கூறி அமர்ந்துவிட்டார்.

தேநீர் வேளையில்தான் அவ்வம்மையாரிடம் பேச வாய்த்தது. கணவர் நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளி. 2020 ஜூலை 1 அன்று காலை இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது அவ்வளாகத்தில் இருந்தவர். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அன்று தொட்டு அதே ஓசை, அதே புகை, அதே ஓட்டம் கனவில் வருகின்றன, அலறிக்கொண்டு எழுகிறார். விடியலில் கண்ட கனவு பலித்துவிடும் என்று அம்மையாருக்குச் சிறு வயதிலேயே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எனவே நாள்தோறும் மூன்று மணிக்கே கணவரை எழுப்பி உட்காரவைத்துவிடுகிறாராம். கனவு வருவதற்குள் உறக்கத்தையே கலைத்துவிடும் இந்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அரைத்தூக்கத்தோடு அவர் வேலைக்குப் போகிறார். அதுவும் எந்த வேலைக்கு!

நாம் சிரித்ததற்கு நாணியே இதை எழுதுகிறோம். ஆனால் நாண வேண்டியவர்கள் நாம் மட்டும் அல்லர்.

விடியற்கனவு பலிக்கும் என்னும் நம்பிக்கைக்கு நம் நூல்களில் சான்று தேடப் போனால் கை நிறையக் கிடைக்கும். பொன்னவன் பெயரால் வழங்கும் கனாநூல் எந்த யாமத்துக் கனவு எப்போது பலிக்கும் என்று கணக்கே வகுத்துத் தருகிறது. சிலம்பில் கண்ணகி கண்ட கனவு, கோவலன் கண்ட கனவு, பாண்டிமாதேவி கண்ட கனவு மூன்றும் பலிக்கின்றன. காப்பியப் புலவனுக்கு அது கதை நடத்தும் உத்தி. அதை வாழ்க்கைக்கு மருந்துச் சீட்டாக எழுதிக் கொடுப்பது நம் போன்ற தமிழாசிரியர்களின் பிழை. பேச்சாளர் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. கனவு கேட்ட தேவந்தி, குளத்தில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுதால் நலம் என்று பரிகாரம் சொல்கிறாள். கண்ணகி அது பெருமை ஆகாது என்று மறுத்துவிடுகிறாள். பரிகாரத்தை மறுத்தவளைக் காட்டியே பரிகாரம் தேடி வந்தவளை வாயடைத்தோம்.

பலன் பார்ப்பது மட்டும்தான் தமிழ் மரபு என்பதும் பொய். திருக்குறளின் கனவுநிலை உரைத்தல் அதிகாரத்தில் பத்துக் குறளிலும் ‘பலன்’ என்ற பேச்சே இல்லை. இழந்ததை மனம் மீண்டும் மீண்டும் தேடிச் செல்வதே அங்குக் கனவு. குறுந்தொகை 30-ஆம் பாட்டில், கச்சிப்பேட்டு நன்னாகையாரின் தலைவி கனவில் தழுவியவனைத் தேடி, விழித்த பின்னும் படுக்கையைத் தடவுகிறாள். கனவு முடிந்தும் உடம்பு அதிலிருந்து வெளிவரவில்லை. நெய்வேலித் தொழிலாளி விழித்தெழுந்து கதவை நோக்கி ஓடுவதும் இதுவே. அவள் கைக்குள் இன்பம் இருந்தது, இவர் காலுக்குள் அச்சம் இருக்கிறது என்பதே வேறுபாடு.

இனி மருத்துவம் கூறுவது. உறக்கத்தில் விழியசைவு மிகுந்த கட்டம் ஒன்றுண்டு. தெளிவான கனவுகளுள் பெரும்பான்மை அதில்தான் தோன்றும். இரவின் பின்பகுதியில் அக்கட்டம் நீளும். விடியலில் கனவு மிகுவதற்கும், கண்டது நினைவில் நிற்பதற்கும் அதுவே காரணம். வருவது உரைக்கும் தெய்வம் எதுவும் அந்நேரத்தில் இறங்கி வருவதில்லை. பேரச்சத்துக்கு ஆளானவர் மூளையில் எச்சரிக்கை மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. நடந்து முடிந்ததை முடிந்ததாக ஒதுக்கிவைக்க இயலாமல், அது இரவுதோறும் அதையே எடுத்து எடுத்துப் பார்க்கிறது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நோய்க்குத் தனிப்பெயர் சூட்டியபோதே, மீண்டும் மீண்டும் வரும் கனவை அதன் அடையாளங்களுள் ஒன்றாகக் குறித்தது. தமிழில் ‘மனவடு’ என்ற சொல்லை இப்பொருளில் ஆழப் பதித்தவர்களுள் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் முதன்மையானவர். போருக்கு நடுவே அம்மண்ணில் இருந்து பணியாற்றியவர் அவர். ஈழத்தவர் குண்டுவீச்சுக்கிடையே கற்ற பாடத்தைத் தமிழ்நாட்டுத் தமிழ்த்துறைகள் ஒரு சொல்லாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நாமோ பிடிக்காத தேர்தல் முடிவுக்கெல்லாம் ‘கொடுங்கனவு’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நம் மாவட்டத்துக்கு இது புதிதும் அன்று. சேத்தியாத்தோப்பிலிருந்து கிழக்கே புவனகிரி வழியாகச் சென்றால் பரங்கிப்பேட்டைக் கடல். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது ஐந்தாறு வயதிலிருந்த பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எம் வகுப்பறைக்கு வந்தார்கள். முதல் வகுப்பிலேயே தலை சாய்ந்துவிடும் ஒரு மாணவனை, இரவெல்லாம் கைபேசியா என்று பலர் முன்னிலையில் கடிந்தோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கழுத்தில் மூன்று தாயத்துகள் கிடந்தன. அவை எதற்காக என்று கேட்கும் அறிவு அன்று நமக்கு இல்லை. பேரலைக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தமிழகக் கரையோரங்களுக்கு வந்து, ஊர்த் தொண்டர்களுக்கு உளநலப் பயிற்சி அளித்தார்கள். நல்ல முயற்சி. ஆனால் கனவுக்குக் காலக்கெடு கிடையாது. நிவாரணப் பணிகளுக்கு உண்டு.

நெய்வேலிக்கு வருவோம். அந்த ஜூலை 1 அன்றே ஆறு உயிர்கள் போயின. தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தவர்களில் மேலும் பலர் அடுத்தடுத்து இறந்தனர். அதற்கு இரு மாதம் முன்னரே, மே 7-இல், அதே நிலையத்தில் வேறொரு கொதிகலன் வெடித்து உயிர்ப்பலி கொண்டிருந்தது. இறந்தோருக்கும் காயமுற்றோருக்கும் இழப்பீடு அறிவித்தார்கள். காயமில்லாமல் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் எந்தப் பட்டியலில் வருவார்? 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்து முதல் அட்டவணை, கட்டைவிரல் போனால் உழைப்புத் திறனில் நூற்றுக்கு 30, ஒரு கண் போனால் 40 என்று உறுப்பு உறுப்பாக விலை குறித்து வைத்திருந்தது. உறக்கம் போனால் எத்தனை என்று அதில் இல்லை. உறக்கம் உறுப்பன்று என்பார்கள். உறங்காத கண்ணோடு கொதிகலன் அருகே நிற்பவனால் பிறர் விரலும் கண்ணும் போகுமே, அதையாவது எண்ணக் கூடாதா?

ஊரில் கிடைக்கும் மருந்துகளோ இரண்டு. ஒன்று மதுக்கடை. மது முன்னிரவில் கனவை அமுக்கிவைக்கும்; பின்னிரவில் அதே கனவு வட்டியோடு வரும். குடித்தும் வருகிறதே என்று அளவு கூடுகிறது. மற்றொன்று, யாருக்கோ எழுதிய பழைய சீட்டைக் காட்டி வாங்கும் தூக்கமாத்திரை. பேரிடருக்குப் பிந்தைய முதல் மாதத்தில் உறக்கமின்மைக்கு டயசிபாம் வகை மாத்திரைகளைத் தர வேண்டாம் என உலக நலவாழ்வு நிறுவனம் 2013-இலேயே அறிவுறுத்திவிட்டது. பழகிவிட்டால் அவற்றைத் திடுமென நிறுத்துவதும் கேடு. மருத்துவர் துணையோடுதான் குறைக்க வேண்டும்.

மாற்று வழி உண்டு. அது தமிழாசிரியர் எவருக்கும் எளிதில் விளங்கும் என்பதுதான் வியப்பு. கனவை எழுத வேண்டும். பிறகு, கண்டவர் தம் விருப்பப்படி அதைத் திருத்தி எழுத வேண்டும். புகைக்கு நடுவே ஒரு கதவு திறக்கலாம், மழை பெய்யலாம், இறந்துபோன நண்பன் எதிரே வந்து பீடி கேட்கலாம். திருத்திய கனவைப் பகலில் நாள்தோறும் பத்து இருபது நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மிகக் கொடிய கனவில் தொடங்காமல் சிறியதொன்றில் தொடங்குவது முறை. அமெரிக்காவில் பாரி கிராக்கோவ் குழுவினர் பாலியல் வன்முறைக்கு உள்ளான 168 பெண்களிடம் இதை ஆய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். பயின்றவர்களுக்குக் கொடுங்கனவு குறைந்தது, உறக்கமும் சீர்பட்டது. பிரசோசின் என்ற இரத்த அழுத்த மருந்தையும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் 304 முன்னாள் படைவீரர்களிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் அது வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. எனவே எவருக்கு எது பொருந்தும் என்பதை மனநல மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். காலம் ஆற்றும் என்று சொல்லி அனுப்பிவிடும் உரிமை நமக்கில்லை. பலருக்குக் காலம் ஆற்றுகிறது, மெய்தான். ஆறாதவர்தானே நம்மிடம் வந்து கேட்கிறார்?

தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அம்மையாரிடம் இரண்டு செய்திகள் சொன்னோம். இந்தக் கனவு வருவதைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறது. ஆகவே பலிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. மூன்று மணிக்கு எழுப்ப வேண்டாம். அடுத்து, 14416 என்ற டெலிமானஸ் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம் என்றோம். அவர் தாளை மடித்துக்கொண்டு, “ஒப்பந்தக்காரருக்குத் தெரிஞ்சா வேலைக்கு வராதன்னுடுவாருங்களே” என்றார். அதற்கு நம்மிடம் விடையில்லை. அந்த விடை நிர்வாகங்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

அடுத்த கூட்டத்தின் பொருள் ‘சங்க இலக்கியத்தில் கனவு’ என்று அறிவித்திருக்கிறார்கள். மாவட்டத்திலிருந்து ஒரு மனநல மருத்துவரை அழைத்து அரைமணி நேரம் ஒதுக்குங்கள், நம் உரையைக் குறைத்துக்கொள்கிறோம் என்று அமைப்பாளர்களுக்கு எழுதினோம். இலக்கிய மேடையில் மருத்துவர் எதற்கு என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். மற்றவர்கள் இன்றுவரை பதில் எழுதவில்லை.