இன்பச் சுற்றுலாவிற்கு எதைக் கட்டுவது?

இன்பச் சுற்றுலா என்ற சொல் காதில் விழுந்ததும் வகுப்பறையின் முகமே மாறிவிடுகிறது. எந்த ஊர், எந்த நாள், தலைக்கு எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரு வாரம் விவாதம் நடக்கும். என்ன எடுத்துக்கொண்டு போவது என்ற நான்காவது கேள்விக்கு மட்டும் ஐந்தே நிமிடம். புளியோதரை, தயிர்சாதம், மட்டை, பந்து, பாட்டுப் பெட்டி, படம் எடுக்கக் கைப்பேசி. பட்டியல் முடிந்தது!

இன்னொரு பட்டியலும் உண்டு. அது விளம்பரங்களில் வருவது. கறுப்புக் கண்ணாடி, வெயிலுக்குப் பூசும் களிம்பு, பூப்போட்ட சட்டை, படுத்துக்கொண்டு படிக்க ஒரு நாவல். மாலத்தீவிலோ கோவாவிலோ விடுதி அறையிலிருந்து பத்தடி நடந்து கடலில் கால் நனைப்பவருக்காக எழுதப்பட்ட பட்டியல் அது. அவருக்கு அறை உண்டு, குளியலறை உண்டு, கரையில் விசிலோடு ஒரு காவலர் நிற்பதும் உண்டு. பொன்னேரியில் பேருந்தைப் பிடித்து, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டிய நமக்கு அது எப்படிப் பொருந்தும்? போகிற கரையைப் பார்த்துத்தான் மூட்டை கட்ட வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால், முதலில் வைக்க வேண்டிய பொருள் இந்த இரண்டு பட்டியல்களிலுமே இல்லை.

நம் கரை எப்படிப்பட்டது? ஆரம்பாக்கத்திலிருந்து வருகிற எங்களைப் பார்த்து, ‘உங்களுக்கென்ன, பக்கத்திலேயே கடல்’ என்று சென்னைப் பக்கத்து நண்பர்கள் சொல்வதுண்டு. உண்மையில் எங்கள் ஊருக்குக் கிழக்கே முதலில் வருவது கடலன்று, பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிக்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. 1980 ஜூலை 18ஆம் நாள் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பிய தீவு. நினைத்தபோது போய்க் கால் நனைக்கக்கூடிய இடமன்று. ஆகவே ராக்கெட் போவதை வீட்டு வாசலில் நின்று பார்க்கும் நாங்களும், அலையைப் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே பொன்னேரி வரை ரயிலில் வந்து, பேருந்து மாறி, கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் போய்ப் பழவேற்காட்டில்தான் இறங்க வேண்டும். அங்கே பாலத்தைக் கடந்து லைட் ஹவுஸ் குப்பத்திற்கு அப்பால் கடல். இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் கடல், இரண்டும் கலக்கும் முகத்துவாரம். அழகும் அங்கேதான் இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் போனவர்கள் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் உறவினர். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். யாரும் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. அதன் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றக் கூடாதென்று தடை வந்தது. அன்றைக்கு அவர்களும் நம்மைப் போலவே சோற்று மூட்டையோடும் சிரிப்போடும்தானே புறப்பட்டிருப்பார்கள்?

ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். இடுப்பளவுத் தண்ணீரில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் சராசரி என்ற சொல் முகத்துவாரத்திற்குச் செல்லாது. ஏற்றத்தில் கடல் உள்ளே புகுவதும், வற்றத்தில் ஏரி வெளியே பாய்வதும் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான். அங்கே ஆழமும் இழுப்பும் நாளுக்கு நாள் மாறும். படகில் இருப்பவர்கள் படம் எடுக்க ஒரே பக்கமாய் எழுந்து நின்றால், எடை மேலேறிப் படகு தள்ளாடும். இதற்கு இயற்பியல் மாணவர் ஒருவரின் விளக்கம் தேவையில்லை. எந்த மீனவரைக் கேட்டாலும் ‘உட்காருப்பா’ என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்.

ஆகவே என் பட்டியலில் முதல் பொருள் லைஃப் ஜாக்கெட். தண்ணீருக்குள் மனித உடல் ஏறக்குறைய மிதக்கும் நிலையிலேயே இருக்கிறது. தலை மேலே நிற்கச் சில கிலோ தூக்குவிசை போதும். 100 நியூட்டன் என்று குறிக்கப்பட்ட அங்கி கிட்டத்தட்டப் பத்துக் கிலோ தூக்கும். அதற்குள் அப்படியொன்றும் மந்திரம் இல்லை, நுரைப்பஞ்சுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தலைக்கவசம் இல்லாமல் வேலைத்தளத்திற்குள் விடமாட்டார்கள் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். நம் அண்ணன்மார்கள் வாரம் ஆறு நாளும் அதை மாட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே அண்ணன் தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெறும் உடம்போடு படகில் உட்காருகிறார். தொழிற்சாலையில் விதி கேட்கிறது, கேட்கிறோம். தண்ணீரில் யாரும் கேட்பதில்லை. தடை இருக்கும்போது ‘கொஞ்ச தூரம்தான், வாங்க’ என்று யாரேனும் அழைத்தாலும் ஏறக் கூடாது. தடையில்லாத இடத்திலும் தலைக்கு ஒரு ஜாக்கெட் இல்லையென்றால் ஏறக் கூடாது. இதில் பெரும்பான்மை வாக்கெடுப்புக்கு இடமில்லை என்று நான் நினைக்கிறேன்.

படகே வேண்டாம், அலையில் கால் நனைப்பதோடு சரி என்பவர்களுக்கும் ஒரு பொருள் சொல்கிறேன். கேட்டுச் சிரிக்க வேண்டாம். மூடி நன்றாக இறுகும் காலிக் கேன் ஒன்று, அதன் பிடியில் கட்டிய 15 மீட்டர் நைலான் கயிறு. ஐந்து லிட்டர் காலிக் கேன் ஐந்து கிலோ அளவுக்கு மேலே தூக்கும். ஒருவரின் வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேல் நிற்க அது உதவும். வெறுங்கேனைக் காற்று அடித்துப் போகாமலிருக்க, உள்ளே ஒரு தம்ளர் தண்ணீர் விட்டுக்கொண்டால் எறிவதற்கு வாகாக இருக்கும். ஒருவன் இழுத்துச் செல்லப்படும்போது அவனைக் காப்பாற்ற இன்னொருவன் குதிப்பதும், இருவரும் திரும்பாமல் போவதும் நாளிதழ்களில் நாம் அடிக்கடி படிக்கும் செய்தி. குதிக்காதே, எறி! நீச்சல் தெரிந்தவனும் முதலில் எறியத்தான் வேண்டும். இழுப்பில் அகப்பட்டவன் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் சோர்ந்துபோவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகிய பிறகே கரை பக்கம் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும்.

அடுத்து உடை. கடற்கரைக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கமாக இருக்கிறது. நனைந்தால் கல்லாகக் கனக்கும்; மாலை வரை காயாது; தொடையில் மணலோடு சேர்ந்து அறுக்கும். கைலியைவிடச் சிறந்த கடற்கரை உடை எந்த நாட்டிலும் இல்லை என்று துணிந்து சொல்வேன். (தண்ணீரில் இறங்கும்போது மடித்துக் கட்டாமல் அரைக்கால் சட்டைக்கு மாறிவிட வேண்டும், அது வேறு.) விரித்தால் படுக்கை, போர்த்தினால் நிழல், சுற்றிக்கொண்டால் உடைமாற்றும் அறை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கைலிக்கும் பழவேற்காட்டுக்கும் பெயர் உறவே உண்டு. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். துணிதான் அவர்களுக்குப் பெரிய சரக்கு. இந்தக் கரையின் துணிகள் கப்பலேறித் தென்கிழக்காசியா போயின. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் ‘கைன் பெலிக்காட்’, அதாவது பழவேற்காட்டுத் துணி என்கிறார்கள். நாமும் ‘பாளையக்காட் லுங்கி’ என்கிறோம். கடல் கடந்து பெயர் பெற்ற துணி பிறந்த கரைக்கு நாம் ஜீன்ஸோடு போகிறோம்!

மாணவியருக்கு வேறொரு தொல்லை இருக்கிறது; அதைப் பற்றிச் சுற்றுலாக் குழுவில் யாரும் வாய் திறப்பதில்லை. கழிப்பறை எங்கே என்று தெரியாத இடத்திற்குப் போவதால் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். கரையோரக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வழியுமே தவிர எளிதில் ஆவியாகாது, உடம்பும் குளிராது. உலர்ந்த மணல் மட்டும் புறஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் திருப்பி நம் மேலேயே வீசுகிறது. இப்படிப்பட்ட வெயிலில் தண்ணீரில்லாமல் ஒரு பகல் முழுவதும் நிற்பது மயக்கத்திற்கு நாமே அழைப்பு அனுப்புவது போல. எனவே முன்னதாக ஒருவர் போய்க் கழிப்பறை வசதியை விசாரித்து வருவதையும் மூட்டை கட்டும் வேலையில் ஒன்றாகவே சேர்க்க வேண்டும். வசதி கிடைக்காவிட்டால் இடத்தையோ நேரத்தையோ மாற்றட்டும். இரண்டு பழைய புடவைகளும் நான்கு கழிகளும் இருந்தால் உடை மாற்ற ஒரு மறைப்பு தயார்.

தண்ணீரோடு நீர்மோர் ஒரு தூக்கு. உப்புச் சேர்த்த மோருக்கு ஈடாக எந்தக் குளிர்பானமும் வராது. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கைந்து இருக்கட்டும். 1971இல் வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் சர்க்கரை ஆறு சிறு கரண்டி, உப்பு அரைக் கரண்டி, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடிவிடக் கூடாது.

தலைக்குத் துண்டோ தொப்பியோ, காலுக்கு வார் வைத்த செருப்பு. ஏரி ஓரச் சேற்றில் உடைந்த சிப்பி இருக்கும். திருக்கை மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடந்தால் அது விலகி ஓடிவிடும். மீறி வால்முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருப்பது வலியைக் குறைக்கும்; பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேநீருக்கென்று கொண்டு போகும் ஃபிளாஸ்க் வெந்நீருக்கு அப்படியும் ஒரு பயன் உண்டு.

எடுத்துச் செல்லக் கூடாதவையும் சில. பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடலாம். குளிர்காலத்தில் ஏரிக்குப் பூநாரைகள் வருகின்றன. சேற்றுநீரில் அலகைத் தலைகீழாக நுழைத்து அரித்துத் தின்னும் பறவை, ஓசை கேட்டால் கூட்டமாக எழுந்து போய்விடும். விலங்கியல் துறையிலிருந்து இரவலாக ஒரு தொலைநோக்கி கிடைத்தால் அது பாட்டுப் பெட்டியை விட நல்ல துணை. பிளாஸ்டிக் தட்டும் தம்ளரும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்தே தடை செய்யப்பட்டவை. இருந்தும் சுற்றுலாக் கூட்டம் போன பின் மணலில் என்ன கிடக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மணலில்தான் குப்பத்துக்காரர்கள் வலை உலர்த்துகிறார்கள். வாழை இலையும் எவர்சில்வர் டப்பாவும் போதும். திரும்பும்போது குப்பைக்கு ஒரு சாக்கு. பழவேற்காட்டுப் பெண்கள் பின்னும் பனையோலைக் கூடை ஒன்றை வாங்கி வந்தால் அடுத்த முறை கட்டுச்சோற்றுக்கு அதுவே ஆயிற்று.

இவ்வளவுக்கும் பணம் எங்கே என்று பொருளாளர் கேட்பார். சுற்றுலாவிற்குச் சுற்றுலா பேனர் அடிக்கிறோம். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன் அடிக்கிறோம். ஓராண்டு அந்தப் பணத்தை அப்படியே லைஃப் ஜாக்கெட்டுகளுக்குக் கொடுத்தால், அவை உடற்கல்வித் துறையின் அலமாரியில் பல ஆண்டுகள் இருந்து எல்லாத் துறைகளுக்கும் பயன்படும். கிரிக்கெட் மட்டையைக் கையெழுத்திட்டு வாங்குவதுபோல வாங்கித் திருப்பிக் கொடுக்கலாம். மாணவர் பேரவை இதை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேனும் கயிறும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் அவற்றை ஏற்றி வரும் பொறுப்பை எங்கள் ஊர் மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறோம். பொன்னேரியிலிருந்து பேருந்தில் தூக்கி வருவது மற்றவர்கள் பாடு.