வியாதியஸ்தர்மேல் இன்னொரு பாரம் வேண்டாம்



புற்றுநோயால் படுத்திருப்போரைச் சந்திக்கச் செல்லும் நம்மில் சிலர், "நீங்கள் கவலைப்படுவதினால்தான் வியாதி பெருகுகிறது, விசுவாசத்தோடு சந்தோஷமாயிருங்கள்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். இதற்கு விஞ்ஞானத்தையும் சாட்சிக்கு அழைப்போர் உண்டு. அந்தச் சாட்சி உண்மையில் என்ன சொல்லுகிறது என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

அச்சமோ குளிரோ வேதனையோ நம்மை நெருக்கும்போது, சரீரத்தின் நரம்பு முனைகள் நார்அட்ரினலின் என்னும் இரசாயனத்தைச் சுரக்கின்றன. இதயத் துடிப்பை விரைவாக்குவது மட்டும் அதன் வேலையன்று. நோயை எதிர்த்துப் போரிடும் டி அணுக்களும் அதனை ஏற்கும் தன்மையுடையவை. நெடுநாள் ஓய்வின்றி அது வந்து தாக்கினால், அவ்வணுக்கள் சோர்ந்து, புற்றணுக்களை அழிக்கும் வலிமையை இழக்கக்கூடும்.

அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தார் 2013-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆய்வுக்கூடங்களில் எலிகளை வழக்கமாக ஏறத்தாழ 22 டிகிரி வெப்பத்தில் வைப்பார்கள். எலிகளுக்கு அது குளிர். 30 டிகிரி இதத்தில் வைக்கப்பட்ட எலிகளிலோ கட்டிகள் மெதுவாக வளர்ந்தன. கட்டிகளுக்குள் டி அணுக்கள் மிகுந்திருந்தன. பின்னர், குளிரிலேயே இருந்த எலிகளுக்கு, நார்அட்ரினலினின் செயலைத் தடுக்கும் ப்ராப்ரனலால் என்னும் பழைய மருந்தைக் கொடுத்தபோதும், அவற்றின் எதிர்ப்பாற்றல் மேம்பட்டது.

கவனியுங்கள்: அந்த எலிகளைத் தைரியமாயிருக்கும்படி ஒருவரும் புத்தி சொல்லவில்லை. கூண்டின் குளிரை நீக்கினார்கள்.

மனிதரைக் குறித்த ஆய்வுகளோ நம்மை இன்னும் எச்சரிக்கின்றன. தலையிலும் கழுத்திலும் புற்றுநோய் கண்ட 1,093 பேரை ஆராய்ந்து 2007-இல் வெளிவந்த ஆய்வில், மனநலம் மிகுந்தவர்கள் அதனால் நீண்டநாள் வாழ்ந்தார்கள் என்று காணப்படவில்லை. ஐரோப்பாவில் சுமார் 1,16,000 பேரைக் குறித்த 2013-ஆம் ஆண்டு ஆய்வும், வேலையினால் வரும் மன அழுத்தத்தைப் புற்றுநோய்க்குக் காரணமாகக் காணவில்லை. ஆகவே, வியாதியஸ்தருடைய கண்ணீரைக் குற்றமாக்க விஞ்ஞானம் இடங்கொடுக்கவில்லை. வேதமும் இடங்கொடுக்கவில்லை. கெத்செமனேயில் நம் ஆண்டவரே வியாகுலப்பட்டாரன்றோ? யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாய் உடனிருந்தது நன்மையாயிருந்தது; காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் அவனைக் காயப்படுத்தினார்கள்.

ஒரு வார்த்தை இடையில்: ப்ராப்ரனலால் புற்றுநோய்க்கு உதவுமா என்பது மனிதரிடத்தில் இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. மருத்துவர் சொல்லாமல் எவரும் அதை உட்கொள்ளலாகாது. ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்தானது.

பிரியமானவர்களே, நம் சபையில் வியாதிப்பட்டவரைச் சூழ்ந்திருக்கும் குளிர் எது? சிகிச்சைக்குப் போகத் துணையில்லாமை, வீட்டில் பிள்ளைகளுக்குச் சமைக்க ஆளில்லாமை, கடன், தூக்கமற்ற இரவின் தனிமை. இவற்றுள் பலவற்றை நாம் நீக்கக்கூடும். அப்படிச் செய்தால் கட்டி சுருங்கும் என்று வாக்குக் கொடுக்க நமக்கு உரிமையில்லை. சுருங்கினாலும் சுருங்காவிட்டாலும், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது நம்மேல் விழுந்த கடமை.

அடுத்த முறை செல்லும்போது புத்திமதியை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு பாத்திரம் கஞ்சியைக் கொண்டு செல்வோமாக.