ஒரே கோடரி



மலர்க் குழுவில் இருக்கும் சீனியர் அண்ணன் "ஏதாவது உருப்படியா எழுதிக் குடுடா" என்று கேட்டார். சுற்றுச்சூழல், பெண்ணுரிமை, மாணவ சக்தி என்றெல்லாம் எழுத நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் எழுதுகிறேன். 'போயும் போயும் விளையாட்டைப் பற்றியா?' என்று முகம் சுளிக்காமல், கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

ஹாஸ்டலில் எங்கள் அறையில் ஒரு தீராத வழக்கு நடக்கிறது. நான் நான்கு வருடத்துக்கும் மேலாக ஒரே ஆன்லைன் விளையாட்டை ஆடி வருகிறேன். பெயர் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப். என் அறை நண்பனின் போனில் ஏழு விளையாட்டு இருக்கிறது. எல்லாம் ஒரே இனம்தான். ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களோடு ஒரு கற்பனை உலகத்தில் அதை வளர்ப்பது. அவன் எதிலும் பெரிய ஆள் இல்லை, எதிலும் புது ஆளும் இல்லை. "ஒரே கிணத்துல கெடக்குற தவளைடா நீ" என்பான் என்னை. "நீ ஊர்ல உள்ள கிணத்தையெல்லாம் எட்டிப் பாத்துட்டு, தண்ணி குடிக்காம வர்றவன்" என்பேன் நான். ராத்திரி விளக்கு அணைத்த பிறகும் இது ஓயாது.

என் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020-ல் பள்ளிக்கூடம் மூடியபோது நான் எட்டாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்புக்காக அம்மாவின் தோட்டை அடகு வைத்துத்தான் அந்தப் போனை வாங்கினார்கள். மெமரி குறைவு. பெரிய விளையாட்டு எதுவும் அதில் ஏறாது. ரூன்ஸ்கேப் ஏறியது, அவ்வளவுதான். நான் ஒன்றும் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கவில்லை!

அதில் முதலில் வரும் வேலைகளில் ஒன்று, அரண்மனைச் சமையல்காரனுக்கு முட்டை, பால், மாவு கொண்டுவந்து கொடுப்பது. மாவுக்குக் கோதுமையைப் பறித்து, மில்லின் மேல் மாடிக்கு ஏறி, தொட்டியில் கொட்டி, விசையை இழுத்து, கீழே வந்து அள்ள வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில் சொல்லும். நானோ தமிழ் மீடியம். ஹாப்பர் என்ற வார்த்தைக்கு அகராதியைப் புரட்டினேன். எங்கள் ஊர் மாவு மில்லில் அரிசியை மேலே கொட்டுவார்களே, அதுதான் என்று தெரிந்தபோது வந்த சந்தோஷம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. எட்டிப் பார்த்த அம்மா, "ஏன்டா, இதே வேலைய வீட்டுல சொன்னா மட்டும் ஒனக்குக் காது கேக்காதா?" என்றார். இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

அந்த விளையாட்டில் அவசரம் என்பதே கிடையாது. மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, சுரங்கம் தோண்டுவது, உலோகம் உருக்குவது என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியே 99 படி. தாமிரமும் தகரமும் சேர்த்தால் வெண்கலம். இரும்புத் தாதை உருக்கினால் பாதி தடவைதான் கட்டி கிடைக்கும், மீதி வீண். ஒரு இரும்புக்கு இரண்டு நிலக்கரி சேர்த்தால் எஃகு. 99-வது படிக்கு மொத்தம் 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். வில்லோ மரத்தில் ஒரு கட்டைக்குக் கிடைப்பது 67.5 புள்ளி. வகுத்துப் பாருங்கள், 1,93,000 கட்டைக்கு மேல் வரும்! இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. மரம் வெட்டுவதில் 92-வது படியைத் தொட்ட அன்று 'முடிஞ்சது, இன்னும் ஏழு படிதானே' என்று துள்ளினேன். கணக்குப் பார்த்தால் அப்போதுதான் பாதி வழி வந்திருக்கிறேன். 92-க்கு 65,17,253 புள்ளி. கடைசி ஏழு படிக்கும் அதே அளவு.

அன்று போனை வீசிவிடலாம் என்றுதான் இருந்தது. வீசவில்லை. (தோடு ஞாபகம் வந்தது.) ஆனால் எந்த வேலையிலும் நடுப் பகுதி எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆரம்பத்தில் மளமளவென்று ஏறும், எல்லாரும் கை தட்டுவார்கள். அப்புறம் யாரும் பார்க்காத நீளமான ஒரு வழி. முதல் வருடம் ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு துண்டு இரும்பை மட்டம் பார்த்துப் பார்த்து அரம் போட்டபோது, பாதியில் கை வலித்து வெளியே ஓடிய பசங்கள் உண்டு. நான் ஓடவில்லை. எனக்கு அந்த வழி பழக்கமானது.

நண்பன் சும்மா ஜாலிக்காகப் பலதை ஆடுவதாகச் சொல்வது எனக்கு நம்பிக்கையாக இல்லை. அவன் போனைப் பாருங்கள். கென்ஷின் இம்பாக்ட் என்று ஒன்று, 2020-ல் வந்தது. அதில் ரெசின் என்ற சக்தி எட்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஊறும், 200-க்கு மேல் தானாக ஊறாது. அதாவது இருபத்தேழு மணி நேரத்துக்குள் வந்து செலவழிக்காவிட்டால், அதற்குப் பிறகு ஊற வேண்டியதெல்லாம் நஷ்டம். தினம் நான்கு சின்ன வேலை வேறு. மற்ற ஆறிலும் தினசரிக் கணக்கு ஏதாவது ஒன்று வைத்திருக்கிறார்கள். காலையில் பல் துலக்குவதற்கு முன் ஏழு இடத்தில் கையெழுத்துப் போடுகிறான் பாவம்! இதற்குப் பேர் ஜாலியா? ஏழு முதலாளியிடம் வேலை பார்ப்பது மாதிரி இருக்கிறது. என் மரம் அப்படியே நிற்கும். பத்து நாள் போகாவிட்டாலும் என்னை எதுவும் கேட்காது.

ஆனாலும் அவன் பக்கத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்தப் புது விளையாட்டைக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவான். 'அடி வாங்குறவன் ஒருத்தன், மருந்து குடுக்குறவன் ஒருத்தன், அடிக்கிறவன் ஒருத்தன், எல்லாத்துலயும் எலும்பு ஒண்ணுதான்டா' என்பான். கேட் லேபில் புது சாஃப்ட்வேர் போட்டபோது முதலில் கற்றுக்கொண்டதும் அவன்தான், எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். இன்னொன்றும் கேட்டான். "நாளைக்கு ஒன் கம்பெனிக்காரன் கடைய மூடிட்டான்னா?" வாய் அடைத்துப் போனேன். ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்று ஒரு விளையாட்டு 2003-ல் தொடங்கி, 2011 டிசம்பரில் மூடப்பட்டது. அதில் எட்டு வருடம் உழைத்தவனுக்குக் கையில் என்ன மிஞ்சியது?

இதற்கு நான் கண்டுபிடித்த பதில் பாதிப் பதில்தான். ரூன்ஸ்கேப் 2001-ல் இங்கிலாந்தில் பிறந்தது. போகப் போகச் சண்டை முறையையே மாற்றி, ஆளே அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டார்கள். பழைய ஆட்டக்காரர்கள் விடவில்லை. 2013-ல் ஓட்டெடுப்பு வைத்தார்கள், லட்சக்கணக்கில் ஓட்டு விழுந்தது. 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த ஒரு பழைய நகலைத் தூசி தட்டி, 2013 பிப்ரவரியில் திறந்தார்கள். அதுதான் ஓல்டு ஸ்கூல். 2018-ல் கைப்பேசிக்கும் வந்தது. வந்த நாளிலிருந்து எந்தப் பெரிய புது விஷயம் சேர்க்கவும் ஆட்டக்காரர்களிடம் ஓட்டுக் கேட்பது அங்கே வழக்கம். அந்த ஓட்டைப் போட்டவர்கள் யார்? ஏழு இடத்தில் எட்டிப் பார்த்தவர்கள் அவ்வளவு பாடுபட்டிருப்பார்களா? ஒன்றை ஆதியோடு அந்தமாகத் தெரிந்தவனுக்குத்தான் 'இது என்னுது, இதுல கை வைக்காதே' என்று கேட்கத் தோன்றும். (நம் யூனியன் கூட்டத்துக்கு வராதவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.)

இந்த வழக்கு எனக்கு வெறும் விளையாட்டு இல்லை. அப்பா பெயிண்ட் அடிப்பார், மூட்டை தூக்குவார், கிணறு தூர் வாருவார், சென்ட்ரிங் வேலைக்கும் போவார். அவருக்குத் தெரியாத வேலை கிடையாது. எந்த வேலையிலும் மேஸ்திரி கிடையாது. அதனால் எங்கே போனாலும் கையாள் கூலிதான். "ஒண்ண உருப்படியாக் கத்துக்கடா" என்று அவர் சொல்லித்தான் டிப்ளமோ சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்.

ஆனால் மாமா இருக்கிறார். முப்பது வருடம் லேத் ஒன்றே கதி. கையால் தடவிப் பார்த்தே அளவு சொல்வார். அவர் பட்டறையில் சிஎன்சி மெஷின் இறங்கிய பிறகு அவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. போன பொங்கலுக்கு அப்பாவும் மாமாவும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பத்தும் தெரிந்தவர், ஒருவர் ஒன்றே தெரிந்தவர். இரண்டு பேர் கையிலும் காசில்லை. எனக்கு நெஞ்சு அடைத்தது.

அன்று மாமாவிடம் கேட்டேன், "சிஎன்சிய நீங்களும் கத்துக்கலாம்ல மாமா?" "புரோகிராம் போடத் தெரியாதுடா. ஆனா அது தப்பா வெட்டுனா சத்தத்துலயே கண்டுபிடிச்சிருவேன். அந்தப் பயலுக வெட்டி முடிச்சப்புறம்தான் பாக்குறானுங்க" என்றார். அந்தச் சத்தம் பத்து வேலை தெரிந்தவருக்குக் கேட்காது. அதனால் என் ஓட்டு இன்னும் ஒன்றுக்குத்தான். கூடவே, நண்பனிடம் அந்த சாஃப்ட்வேரையும் கற்றுக்கொண்டிருக்கிறேன். லேத்துச் சத்தத்துக்கு மாமாவிடம் போக வேண்டும்.

ஒன்றை மறைத்துவிட்டேன். அந்த 65 லட்சம் புள்ளியில் ஒரு பங்கு, போன செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர் விழுந்த ராத்திரிகளில் சேர்ந்தது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. மலர் வீட்டுக்கு வந்தால் அவரால் படிக்க முடியாது, தங்கச்சி படித்துக் காட்டுவாள். அதற்குள் நானே சொல்லிவிடுவதாக இருக்கிறேன். கோடரியை விளையாட்டில் உள்ள வங்கியில் போட்டுவிட்டு வெளியே வந்து இருபது நாள் ஆகிறது. மரம் அங்கேயே நிற்கும். பரீட்சை அப்படி நிற்காது என்று நண்பன்தான் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்தான்.