'தத்ரூபம்' என்னும் சோம்பல்

ரவிவர்மாவின் எண்ணெய் வண்ண ஓவியத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி எழுதுவோர் பலர் ஒரே சொல்லில் கடமையை முடித்துக்கொள்கின்றனர்: தத்ரூபம். வடமொழியில் 'தத்' என்பது 'அது' எனச் சுட்டும் சொல். சுட்டு இருந்தால் சுட்டப்படுவதும் இருக்க வேண்டும். இவ்வுருவம் எவரை ஒத்திருக்கிறது? அதைக் கேட்காத பாராட்டு, பொருளில்லாச் சுட்டு.

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் 1935இல் ஸ்ரீ சித்ரா கலைக்கூடம் திறக்கப்பட்டது. 2023இல் ரவிவர்மாவுக்கெனத் தனிக் கூடமும் அங்கே எழுந்தது. சுவர்கள் கூடின, கேள்வி கூடவில்லை.

அவர் தீட்டிய மன்னர்களும் திவான்களும் பெயரோடும் பட்டத்தோடும் அறியப்படுகின்றனர். 1873இல் சென்னைக் கண்காட்சியில் பரிசு வென்ற ஓவியமோ 'கூந்தலை அலங்கரிக்கும் நாயர் பெண்'. மறு ஆண்டு அங்கே பரிசு வென்றது 'சுவரபத் வாசிக்கும் தமிழ்ப் பெண்'. ஒருத்திக்குச் சாதி, மற்றொருத்திக்கு மொழி, இருவருக்கும் பெயரில்லை. இன்று அரிதாகிவிட்ட அந்த நரம்பிசைக் கருவிக்குக்கூடத் தலைப்பில் தனிப்பெயர் உண்டு. அதை வாசிக்கும் கைகளுக்கு உரியவளுக்கு இல்லை. இலக்கணப்படி சொன்னால், அரசர்க்கு இயற்பெயர், அவளுக்குப் பொதுப்பெயர். அரசகுலப் பெண்கள் விதிவிலக்கு என்பது இவ்வாதத்தை முறிக்கவில்லை. பெயர் எத்தகுதியால் கிடைத்தது என்பதையே காட்டுகிறது.

'அவை உருவப்படங்கள் அல்ல, வாழ்க்கைக் காட்சிகள். பெயர் தேவையில்லை' என்பது வழக்கமான மறுப்பு. 1893ஆம் ஆண்டின் 'அதோ அப்பா வருகிறார்' ஓவியமும் வாழ்க்கைக் காட்சிதான்; அதன் தலைப்பிலும் பெயரில்லை. ஆயினும் குழந்தையை ஏந்தி நிற்பவர் ஓவியரின் மகள் மகாபிரபை என்பது ஆய்வுலகம் அறிந்த செய்தி. ஆகவே பெயர் காட்சியைக் கெடுப்பதில்லை. ஓவியர் வீட்டுப் பெண்ணுக்கு நிலைத்த பெயர், பிற பெண்களுக்கு நிலைக்கவில்லை, அவ்வளவே.

இழந்த பெயர்கள் எல்லாம் மீளும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் இழப்பைப் பதிவுசெய்ய இயலும். விளக்க அட்டையில் 'அமர்ந்திருப்பவர்: பெயர் பதியப்படவில்லை' என ஒரு வரி சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஆய்வேடுகளும் அவ்வரியை எழுதட்டும். அதன் பின்னர் பட்டின் பளபளப்பையும் விரல்களின் நளினத்தையும் தாராளமாக வியக்கலாம். அப்போது வியப்பு துணியோடு நின்றுவிடாது. அதை உடுத்தியிருந்த ஒருத்தியிடம் சென்று சேரும்.