யாபேசின் எல்லையும் எசேக்கியாவின் பதினைந்து ஆண்டுகளும்

நாளாகமம் முதல் நூலின் நான்காம் அதிகாரம் ஒரு வம்சாவளிப் பட்டியல். பெயர்களின் நெரிசலுக்கிடையே இரண்டே வசனங்களில் யாபேஸ் என்றொருவன் வருகிறான். தன் எல்லையைப் பெரிதாக்கும்படி கடவுளிடம் கேட்கிறான், கேட்டது கிடைக்கிறது, மறைந்துவிடுகிறான். இவ்விரு வசனங்களை வைத்துக்கொண்டு, அவ்வேண்டுதலை நாள்தோறும் சொல்லிவரும்படி பரிந்துரைத்து அமெரிக்கரான புரூஸ் வில்கின்சன் 2000இல் எழுதிய சிறுநூல் பல இலட்சம் பிரதிகள் விற்றது. உண்மையாக மன்றாடினால் கேட்டது கிடைத்தே தீரும், விவிலியம் சொல்வது அதுதான் என்று சாதிப்போருக்கு யாபேஸ் மிகவும் வசதியானவன்.

இவ்வாதத்தை நான் மறுப்பது பக்தியின் பொருட்டோ நாத்திகத்தின் பொருட்டோ அன்று. இவர்கள் நூலைப் படிக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

உபாகமத்தில் மோசே யோர்தானைக் கடந்து அந்த நல்ல நாட்டைக் காண அனுமதி வேண்டுகிறார். இதுபற்றி இனித் தன்னிடம் பேசவே வேண்டாம் என்று கடவுள் முடித்துவிடுகிறார். மலையுச்சியில் நின்று பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே. பவுல் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மும்முறை வேண்டினார், முள் நீங்கவில்லை. கெத்செமனே பற்றிச் சொல்லவே வேண்டாம். இம்மூவரிடத்திலும் உண்மை குறைவு என்று சொல்லும் துணிவு யாருக்கு உண்டு?

மறுக்கப்பட்டவற்றை விடவும் ஏற்கப்பட்ட மன்றாட்டுகளே என்னை அதிகம் கலங்கடிப்பவை. சாகக் கிடந்த எசேக்கியா அரசன் சுவர்ப்புறம் திரும்பி அழுது வேண்டியபோது அவன் ஆயுளோடு பதினைந்து ஆண்டுகள் கூட்டப்பட்டன. அவனுக்குப் பின் அரியணை ஏறிய மகன் மனாசேக்கு அப்போது வயது பன்னிரண்டு. இராஜாக்கள் நூலின் கணக்கை அப்படியே கொண்டால், அவன் பிறந்ததே அந்தக் கூடுதல் ஆண்டுகளில்தான். எருசலேமைக் குற்றமற்றோர் இரத்தத்தால் நிரப்பியவன் அவன். யூதாவின் அழிவுக்கு அந்நூல் காட்டும் காரணமும் அவன் பாவங்களே. தகப்பனின் கண்ணீருக்குக் கிடைத்த பதிலையும் மகனின் கொடுமைகளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு நூலாசிரியர் வாய்திறப்பதில்லை. (நம் காலத்து விளக்கவுரையாளர்களுக்கு இந்த அடக்கம் வாய்க்கவில்லை.) நாளாகமமோ, சிறைப்பட்ட மனாசேயும் மன்றாடினான், அதுவும் கேட்கப்பட்டது என்கிறது. தகுதியை எந்தத் தராசில் நிறுப்பது?

வரம் கிடைக்காதவரிடம், உன் நம்பிக்கையில் ஏதோ குறை என்று சொல்வது இன்று ஆறுதல் மொழியாகவே ஆகிவிட்டது. பிள்ளையை நோய்க்குப் பறிகொடுத்த தாயிடமும் இதைச் சொல்லக் கூசுவதில்லை. விவிலியத்தில் இதே வாதத்தை அதிகாரம் அதிகாரமாகப் பேசியவர்கள் யோபுவின் நண்பர்கள்: துன்பம் வந்ததென்றால் உன்னிடம் குற்றம் இருக்கிறது. கடவுளை வழக்குக்கு இழுத்த யோபுவின் மேலன்று, கடவுளுக்காக வழக்காடிய இவர்கள் மேல்தான் நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில் சினம் மூள்கிறது. யோபு உங்களுக்காக வேண்டிக்கொள்ளட்டும் என்று அவனிடமே அனுப்பப்படுகிறார்கள். அவன் வேண்டுகிறான், அது ஏற்கப்படுகிறது. இழந்த ஆடுமாடுகள் இருமடங்காகத் திரும்புகின்றன. இறந்த பத்துப் பிள்ளைகள் திரும்பவில்லை. வேறு பத்துப் பேர் பிறக்கிறார்கள்.