வள்ளுவருக்கு என்ன கலர் வேட்டி? - ஒரு வெட்டிச் சண்டை

வள்ளுவர் படம் காவியா வெள்ளையா என்று நம்ம ஆட்கள் அடிக்கடி அடித்துக்கொள்கிறார்கள். 2019 நவம்பரில் தமிழக பாஜக ட்விட்டரில் காவி வள்ளுவரைப் போட்டது. ஒரே கொந்தளிப்பு. 2024 ஜனவரியில் அப்போது ஆளுநராக இருந்த ஆர்.என்.ரவியும் காவி வள்ளுவரோடு வாழ்த்து சொன்னார். மறுபடி கொந்தளிப்பு! "இது தமிழனின் அடையாளம்" என்று வகுப்பில் கூட சண்டை நடக்கிறது. சரி, ஒரு கேள்வி. அந்த முகம் யாருடையது?

யாருடையதும் இல்லை. வேணுகோபால் சர்மா என்ற ஓவியர் குறளைப் படித்துக் கற்பனையில் வரைந்த முகம் அது. 1964ல் துணைக் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் அதைத் தமிழகச் சட்டமன்றத்தில் திறந்து வைத்தார். அப்புறம் பஸ், பள்ளிக்கூடம், அரசு ஆபீஸ் என்று எங்கும் அதே முகம். சர்மாவை நான் குறை சொல்லவில்லை. எந்த மதச் சின்னமும் இல்லாமல் அவர் வரைந்தது பெரிய காரியம். அதன் மேல் காவி பூசுவது தப்பு, இதிலும் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு படத்தைக் காப்பாற்றிவிட்டால் தமிழன் முகத்தைக் காப்பாற்றியதாகிவிடுமா?

போலந்தைப் பாருங்கள். 1795லிருந்து 1918 வரை உலக வரைபடத்தில் அப்படி ஒரு நாடே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. ஆஸ்திரியாவிடம் இருந்த கிராக்கோவ் நகரில் ஸ்தானிஸ்வாவ் விஸ்பியான்ஸ்கி (1869-1907) என்று ஓர் ஓவியர் இருந்தார். அவரும் பழைய ராஜாக்களை வரைந்தவர்தான். ஆனால் இன்றைக்கும் ஜனங்கள் தேடிப் போய்ப் பார்ப்பது அவருடைய பேஸ்டல் உருவப்படங்களை. பேஸ்டல் என்றால் நம்ம சாக்பீஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, வண்ணப் பொடியை அழுத்திச் செய்த குச்சி. அதை வைத்து யாரை வரைந்தார்? தூங்கும் தன் பிள்ளைகளை. நண்பர்களை. குழந்தைக்குப் பால் கொடுக்கும் தன் மனைவியை. அந்த அம்மா ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். நாடு விடுதலையானதைப் பார்க்காமலே அவர் போய்விட்டார், ஆனால் அந்த முகங்கள்தான் போலந்துக்காரனுக்கு "இது நாங்க" என்று சொல்லக் கிடைத்தன.

நமக்கு அப்படி ஒருத்தர் இல்லையா? இருந்தார். கும்பகோணம் பக்கத்து இளையராஜா, இசைஞானி இல்லை, ஓவியர். ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கும் கறுத்த நிறத்துக் கிராமத்துப் பெண்களை அவர் வரைந்ததைப் பார்த்து போட்டோ என்றே பலர் நினைத்தார்கள். 2021 ஜூனில் கொரோனாவில் போய்விட்டார், சாகிற வயசே இல்லை. அவருடைய படம் எத்தனை அரசு ஆபீஸில் மாட்டியிருக்கிறது? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். குற்றாலத்துக்கு சீசனில் வருகிற கூட்டம் அருவியில் குளித்து, மசாஜ் பண்ணி, சிப்ஸ் வாங்கிக்கொண்டு போய்விடும். கொஞ்ச தூரத்தில் சித்திர சபை இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் அது ஒன்று. சிலையாக இல்லாமல் ஓவியமாகவே அவர் இருக்கும் சபை! சாமியே படமாக இருக்கிற ஊர்க்காரன் படத்தின் அருமை தெரியாமல் இருக்கலாமா? இதே மலையைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டிலேயே குறவஞ்சியில் மலையின் பெருமையையெல்லாம் சொல்லும் வேலையை ஒரு குறத்தியிடம் கொடுத்தார். முன்னூறு வருஷம் கழித்து நாம் என்ன செய்தோம்?

2019 நவம்பரில்தான், அந்தக் காவிச் சண்டை நடந்த அதே மாதம், தென்காசி தனி மாவட்டமானது. இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் அக்காக்கள் இருக்கிறார்கள். வயல் வேலைக்குப் போகிற ஆத்தாக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய முகத்தை எந்தச் சுவரிலாவது பார்த்தீர்களா? சுவரெல்லாம் தலைவர்கள் முகம்தான், அதுவும் பல்லைக் காட்டிக்கொண்டு.

"ஏழைகளைப் படம் போட்டு என்னடா ஆகப்போகுது, பீடிக்குக் கூலியா கூடும்?" என்று கேட்பீர்கள். கூடாதுதான். ஆனால் தலைவர் படம் மாட்டும்போது இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதே இல்லையே, ஏன்? யாருடைய முகம் சுவருக்குப் போகிறதோ அவரைத்தான் ஊர் பெரிய மனுஷனாக நினைக்கிறது. அதனால்தான் கட்சிக்காரன் முதலில் சுவரைப் பிடிக்கிறான்.

வள்ளுவர் வெள்ளையிலேயே இருக்கட்டும். பக்கத்துச் சுவரில் நம்ம ஊர் முகங்களும் வரட்டும். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் சாக்பீஸ் இருக்கிறது, வரையத் தெரிந்த பையனோ பொண்ணோ ஒருத்தராவது இருக்கிறார்கள். ஆண்டுவிழாவுக்கு நடிகர் படம் வரையச் சொல்வதை விட்டுவிட்டு, "உங்க அம்மாவை வரைஞ்சுட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். பத்து வருஷத்தில் தமிழன் அடையாளம் என்னவென்று ட்விட்டரில் கத்த வேண்டியிருக்காது, சுவரைக் காட்டினால் போதும்.

திட்டுவதானால் திட்டுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை சித்திர சபைக்குப் போய்விட்டு வந்து திட்டுங்கள்.