தாடை மூட்டு வலி: கத்தி கடைசியில்தான்!

காதுக்கு முன்னால் விரலை வைத்துக் கொண்டு வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ அசைகிறது அல்லவா? அதுதான் தாடை மூட்டு.

பேசும்போதும், சாப்பிடும்போதும், கொட்டாவி விடும்போதும் இந்த மூட்டுக்கு வேலைதான். இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது. அது இடம் பிசகினால், வாயைத் திறக்கும்போது "டக்" என்று சத்தம் கேட்கும். வலி எடுக்கும். சிலருக்கு வாய் பாதிக்கு மேல் திறக்காது. சோற்றுக் கவளம் உள்ளே போகாது.

இதைக் காது வலி என்று எண்ணிச் சொட்டு மருந்து விடுவோர் உண்டு. பல் வலி என்று எண்ணி நல்ல பல்லைப் பிடுங்கிக் கொள்வோரும் உண்டு.

முதல் சிகிச்சை

பெரும்பாலோருக்குக் கத்தியே தேவை இல்லை. இட்லி, குழைந்த சாதம் போன்ற மெதுவான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, டாக்டர் தரும் மாத்திரை ஆகியவற்றிலேயே குணம் கிடைத்து விடும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்குப் பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு தட்டு செய்து கொடுப்பார்கள். கரும்பு, முறுக்கு ஆகியவற்றைச் சில நாள் மறந்துவிட வேண்டும்.

இரண்டு ஊசிகள்

அப்படியும் வாய் திறக்காவிட்டால், மூட்டைக் கழுவும் முறை இருக்கிறது. இஸ்ரேல் பெண் டாக்டர் டோரிட் நிட்சானும் அவருடைய சகாக்களும் 1991-ல் இதை விளக்கி எழுதினார்கள்.

மூட்டுக்குள் இரண்டு ஊசிகளைச் செலுத்துகிறார்கள். ஒன்றின் வழியாகச் சுத்தமான உப்பு நீர் உள்ளே போகிறது. மற்றொன்றின் வழியாக வெளியே வருகிறது. வலியை உண்டாக்கும் கசிவுகளும் அதோடு வந்துவிடுகின்றன. ஒட்டிக் கொண்ட வட்டு அசையத் தொடங்குகிறது. அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தே இதைச் செய்து விடலாம்.

மூட்டின் உள்ளே பார்க்க வேண்டுமானால், சுமார் 2 மில்லி மீட்டர் பருமன் உள்ள குழாய்க் கண்ணாடியைச் செலுத்துவார்கள். தாடை மூட்டில் இதை முதன்முதலில் பயன்படுத்தியவர் ஜப்பான் டாக்டர் மசடோஷி ஒனிஷி. ஆண்டு 1975.

அமெரிக்கா கற்ற பாடம்

அவசரப்பட்டால் என்ன ஆகும்? தோசைக் கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அந்த டெப்லான் கலந்த செயற்கை வட்டை 1980-களில் அமெரிக்காவில் பலருக்கு வைத்தார்கள். கடிக்கும் பலத்தில் அது துகள் துகளாக உடைந்தது. துகள்கள் எலும்பையே அரித்தன. 1990-ல் அரசாங்கம் எச்சரிக்கை விடுத்தது. ஆனால், வலி தீரப் போனவர்கள் அதற்குள் மேலும் பல ஆபரேஷன்களுக்கு ஆளாகி இருந்தார்கள்.

எலும்பு ஒட்டிப் போனவர்களுக்கும், கட்டி வந்தவர்களுக்கும் பெரிய ஆபரேஷன் தேவைதான். மற்றவர்கள் டாக்டரிடம், "இதைவிடச் சிறிய சிகிச்சை உண்டா?" என்று தயங்காமல் கேட்க வேண்டும். பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே வாய், தாடை அறுவைப் பிரிவு உண்டு.

வாய் திறக்கவில்லை என்றால் நாள் கடத்தக் கூடாது. அதற்காகக் கத்திக்கு ஓடவும் கூடாது. முதலில் ஒத்தடம், பிறகு ஊசி, கடைசியில்தான் கத்தி!